ஆபீஸ் வாசலிலேயே வைரஸ் சோதனை: ஓபிஎன்சென்ஸ் கேட்வேயில் கோப்புகளை ஸ்கேன் செய்ய முழுமையான வழிகாட்டி

மயிலாப்பூரிலோ தி.நகரிலோ பத்துப் பதினைந்து பேர் வேலை பார்க்கும் ஓர் ஆடிட்டர் அலுவலகத்தை எடுத்துக்கொள்வோம். ஒரு ஃபைபர் இணைப்பு, அது போனால் கைகொடுக்க இன்னொன்று, டேலி ஓடும் ஒரு சர்வர், ஆளுக்கொரு கம்ப்யூட்டர். நாள் முழுக்க உள்ளே வருவது கோப்புகள்தான்: பேங்க் ஸ்டேட்மென்ட், இன்வாய்ஸ் ஜிப், எக்செல் ஷீட். வருமான வரித்துறை நோட்டீஸ் என்று சொல்லிக்கொண்டு வரும் போலி மெயிலும் அதே வழியில்தான் வருகிறது. அப்படி வருவதைத் திறந்து பார்ப்பதற்குத்தான் அங்கே ஒருவருக்குச் சம்பளம். ஆகவே ‘தெரியாத அட்டாச்மென்ட்டைத் திறக்காதீர்கள்’ என்ற அறிவுரை இங்கே பாதிதான் பலிக்கும்.

கோப்பு மேஜைக்கு வருவதற்கு முன், அலுவலக நெட்வொர்க்கும் இணையமும் சந்திக்கும் பெட்டியான கேட்வேயிலேயே ஸ்கேன் செய்துவிடலாம். இலவசமாகக் கிடைக்கும் ஓபிஎன்சென்ஸ் (ஃபயர்வால்), ஸ்குவிட் (ப்ராக்ஸி, அதாவது உலாவிக்கும் இணையத்துக்கும் நடுவே நிற்கும் இடைத்தரகர்), கிளாம்ஏவி (ஆன்டிவைரஸ்) மூன்றையும் வைத்து அதை எப்படிச் செய்வது என்பதுதான் இந்த வழிகாட்டி. ஸ்கேனரை நிறுவுவது சுலபம். எந்தக் கோப்பு ஸ்கேன் ஆகாமல் நழுவுகிறது என்று தெரிந்துவைத்திருப்பதுதான் கஷ்டம். அதனால் நிறுவலைச் சட்டென்று கடந்துவிட்டு, நழுவும் இடங்களில் நிதானமாக நிற்கப்போகிறேன். உங்களிடம் ஃபோர்டிகேட், சோஃபோஸ் போன்ற வேறு ஃபயர்வால் இருந்தாலும் கேள்விகள் இவையேதான். மெனுவின் பெயர் மட்டும் மாறும்.

யார் என்ன செய்கிறார்கள்

உலாவி கேட்கும் கோப்பை ஸ்குவிட் என்ற ப்ராக்ஸி இணையத்திலிருந்து வாங்குகிறது. வாங்கியதை உலாவிக்குக் கொடுக்கும் முன், ஐகேப் என்ற நெறிமுறை வழியாக சி-ஐகேப் சர்வரிடம் நீட்டுகிறது. 2003-இல் ஆர்எஃப்சி 3507 ஆக வெளிவந்த நெறிமுறை அது. வழக்கமான போர்ட் 1344. சி-ஐகேப் தன் பங்குக்குக் கிளாம்ஏவியிடம் கேட்கிறது. சுத்தமென்றால் கோப்பு உள்ளே போகும், இல்லையென்றால் தடுப்புப் பக்கம் வரும். கீழே இறங்கும் கோப்புகளுக்கு ‘ரெஸ்பான்ஸ் மாடிஃபை’, மேலே ஏற்றும் கோப்புகளுக்கு ‘ரெக்வெஸ்ட் மாடிஃபை’ என்று இரண்டு திசைகள் உண்டு. முதலில் இறங்கும் திசையைச் சரியாக்குங்கள்.

இதே மாதிரி இன்னொரு ஃபயர்வாலான பிஎஃப்சென்ஸ் ஏன் வேண்டாம் என்று கேட்பீர்கள். ஸ்குவிட்டில் சரிசெய்யப்படாத ஓட்டைகள் இருக்கின்றன என்று காரணம் சொல்லி, 2023-இல் அவர்கள் அந்தப் பேக்கேஜைக் கைவிடப்போவதாக அறிவித்துவிட்டார்கள். ஓபிஎன்சென்ஸிலும் ஸ்குவிட் இப்போது தனி ப்ளகின்தான். அந்த எச்சரிக்கையை நாமும் மறக்கக்கூடாது: ப்ராக்ஸியின் போர்ட் உள் நெட்வொர்க்குக்கு மட்டும்தான் திறந்திருக்க வேண்டும், அப்டேட் வந்தால் தள்ளிப்போடக்கூடாது.

பெட்டி

கிளாம்ஏவியின் ஆவணமே குறைந்தது 3 ஜிபி ராம் கேட்கிறது. புதிய சிக்னேச்சர் (வைரஸை அடையாளம் காட்டும் குறிப்பு) ஏறும்போது பழைய தொகுப்பும் புதியதும் சிறிது நேரம் ஒன்றாக நினைவகத்தில் உட்காரும். ஃபயர்வாலும் ப்ராக்ஸியும் அதே பெட்டியில் ஓட வேண்டும். எனவே 8 ஜிபிக்குக் கீழே போகாதீர்கள். ரிச்சி ஸ்ட்ரீட்டில் பழைய மினி பிசி வாங்குவதானால் மூன்று விஷயம் பாருங்கள்: இன்டெல் நெட்வொர்க் போர்ட் இரண்டு, என்கிரிப்ஷனை வேகமாக்கும் ஏஇஎஸ்-என்ஐ வசதியுள்ள ப்ராசஸர், எஸ்எஸ்டி. ஃபேன் இல்லாத பெட்டியை மே மாதத்தில் மர அலமாரிக்குள் பூட்டிவைத்தால் அது நீடிக்காது. தரையிலும் வைக்க வேண்டாம். 2015 டிசம்பர் வெள்ளத்தையும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலையும் பார்த்த ஊர் இது. சுவரில் இடுப்புயரத்துக்கு மேலே ஒரு ஸ்டாண்டு அடித்து, யூபிஎஸ் லைனில் மாட்டுங்கள்.

நிறுவல்

ஃபர்ம்வேரை முதலில் புதுப்பித்துவிட்டு, ப்ளகின் பக்கத்தில் கிளாம்ஏவி, சி-ஐகேப், ஸ்குவிட் மூன்றையும் நிறுவுங்கள். இயக்கும்போது இதே வரிசைதான்.

கிளாம்ஏவி பக்கத்தில் சிக்னேச்சர்களை இறக்கும் பொத்தான் இருக்கும். முதலில் அதை அழுத்துங்கள். தொகுப்பு இல்லாமல் கிளாம்ஏவி எழுந்திருக்காது. இறங்கி முடிந்ததும் ஸ்கேன் சேவையையும் ஃப்ரெஷ்கிளாம் என்ற அப்டேட் சேவையையும் இயக்குங்கள். முழுத் தொகுப்பும் நினைவகத்துக்கு ஏற நேரம் பிடிக்கும், அதற்குள் ஸ்டாப் ஸ்டார்ட் செய்ய வேண்டாம். அடுத்து சி-ஐகேப்பை இயக்கி, அதன் ஆன்டிவைரஸ் டேபில் ஸ்கேனை ஆன் செய்யுங்கள். கடைசியாக வெப் ப்ராக்ஸி பக்கத்தில் ஃபார்வர்ட் ப்ராக்ஸியின் கீழுள்ள ஐகேப் அமைப்பை இயக்குங்கள். முகவரி ஏற்கெனவே நிரப்பியிருக்கும்: அதே பெட்டியின் ::1 முகவரி, போர்ட் 1344, சேவையின் பெயர் ‘ஏவிஸ்கேன்’. ::1 என்பது ஐபிவி6 முகவரி. எப்போதோ யாரோ ஐபிவி6-ஐ முழுக்க அணைத்துவைத்த பெட்டி என்றால் இங்கேதான் மாட்டும். அப்படியானால் சி-ஐகேப் கேட்கும் முகவரி, ஸ்குவிட் தேடும் முகவரி இரண்டையும் 127.0.0.1 ஆக்குங்கள்.

ஒவ்வொரு கம்ப்யூட்டரிலும் ப்ராக்ஸி முகவரி போட்டுக்கொண்டிருக்க முடியாது என்றால் டிரான்ஸ்பரன்ட் முறைக்குப் போகலாம். அதில் எச்டிடிபியின் போர்ட் 80-க்குப் போகும் போக்குவரத்தை 3128-க்கும், எச்டிடிபிஎஸ்ஸின் போர்ட் 443-க்குப் போவதை 3129-க்கும் ஃபயர்வால் திருப்பிவிடும். இப்படித் திருப்பிவிடும் நேட் விதிகளை அமைக்கும் இணைப்பு அந்தப் பக்கத்திலேயே, ஒவ்வொரு அமைப்பின் உதவிக் குறிப்பிலும் இருக்கிறது.

அளவு வரம்புகள்: சத்தமில்லாத ஓட்டை

நிறுவிய கையோடு ‘ஸ்கேன் ஆகிறது’ என்று நினைத்து எழுந்துபோகிறவர்கள் தவறவிடும் இடம் இது. ஒரு கோப்பு முழுமையாகச் சோதிக்கப்பட வேண்டுமென்றால், வழியில் உள்ள எல்லா வரம்புகளுக்குள்ளும் அது அடங்க வேண்டும். எந்த ஒன்றைத் தாண்டினாலும் அது சோதனையின்றியே போய்விடலாம், யாருக்கும் எந்த அறிவிப்பும் வராது.

முதல் வரம்பு சி-ஐகேப்பின் ‘மேக்ஸிமம் ஆப்ஜெக்ட் சைஸ்’. வழக்கமான மதிப்பு 5 எம்பி. ஸ்கேன் செய்து மெயிலில் போட்ட பத்துப் பக்க பில்லே அதைத் தாண்டும். அடுத்தவை கிளாம்ஏவியில் இருக்கின்றன. ‘ஸ்ட்ரீம் மேக்ஸ் லெங்த்’ என்பது சாக்கெட் வழியாக அது வாங்கிக்கொள்ளும் அதிகபட்ச அளவு. ‘மேக்ஸ் ஃபைல் சைஸ்’ ஒரு தனிக் கோப்புக்கான வரம்பு. ‘மேக்ஸ் ஸ்கேன் சைஸ்’ ஒரு ஜிப்பைப் பிரித்தால் உள்ளே மொத்தம் எவ்வளவு தூரம் படிக்கலாம் என்பது. 2022-இல் வந்த 0.105 பதிப்பில் கிளாம்ஏவி முதல் இரண்டையும் 25 எம்பியிலிருந்து 100-க்கும், மூன்றாவதை 100-லிருந்து 400-க்கும் உயர்த்தியது. ஆனால் ஓபிஎன்சென்ஸ் பக்கம் தன் மதிப்புகளையே எழுதிக்கொள்ளும்; அங்கே என்ன எண் இருக்கிறதோ அதுதான் கணக்கு. பக்கத்தைத் திறந்து பார்த்துக்கொள்ளுங்கள்.

இப்படி ஓர் அலுவலகத்துக்கு நான் சொல்லும் மதிப்புகள்: சி-ஐகேப்பில் 50 எம்பி, கிளாம்ஏவியின் ஸ்ட்ரீம், கோப்பு வரம்புகள் 60 எம்பி, ஸ்கேன் வரம்பு 250 எம்பி. முன்னால் நிற்பவரின் வரம்பு பின்னால் நிற்பவரின் வரம்பைவிடச் சற்றுக் குறைவாக இருக்க வேண்டும், அவ்வளவுதான் சூத்திரம். எல்லாவற்றையும் 1 ஜிபி ஆக்கிவிட்டால் என்ன என்று தோன்றும். ஒருவர் பெரிய கோப்பு இறக்கும்போது மற்ற எல்லோருடைய இணையமும் திணறும். பெரிய கோப்புகளுக்கு எல்லோரும் வரம்பு வைக்கிறார்கள்: கூகுள் டிரைவே 100 எம்பிக்கு மேற்பட்ட கோப்பை வைரஸ் சோதனை செய்ய முடியவில்லை என்று சொல்லித்தான் இறக்கத் தருகிறது.

வரம்பைத் தாண்டினால் என்ன ஆகும்? வழக்கமான அமைப்பில் கிளாம்ஏவி ‘சரி’ என்றுதான் பதில் சொல்லும். ‘அலர்ட் எக்ஸீட்ஸ் மேக்ஸ்’ என்ற அமைப்பை ஆன் செய்தால், முழுதாகப் படிக்க முடியாததைச் சந்தேகத்துக்குரியதாகக் குறிக்கும். அதை ஆன் செய்துவைப்பது என் கட்சி. பெரிய இன்ஸ்டாலர்கள் இறங்கும் தளங்களை விதிவிலக்கில் போட்டுவிடலாம். ஒன்று கவனிக்கவும்: ஓபிஎன்சென்ஸ் பக்கத்தில் இல்லாத அமைப்பை அதன் கோப்பில் கையால் எழுதினால், அடுத்த முறை ‘அப்ளை’ அழுத்தும்போது அது காணாமல் போகும். டெம்ப்ளேட் வழியாகத்தான் சேர்க்க வேண்டும்.

சி-ஐகேப்பில் இன்னும் இரண்டு அமைப்புகளுக்கு நேரம் கொடுங்கள். ‘செண்ட் பர்சென்ட் டேட்டா’ என்பது, ஸ்கேன் முடியும் வரை உலாவி சும்மா காத்திருந்து டைம்அவுட் ஆகாமலிருக்க, கோப்பில் சில சதவீதத்தை முன்கூட்டியே சொட்டுச் சொட்டாக அனுப்பிக்கொண்டிருப்பது. வசதிதான். ஆனால் அதற்குப் பிறகு வைரஸ் பிடிபட்டால் தடுப்புப் பக்கம் காட்ட முடியாது. பாதியில் அறுந்த கோப்புதான் பயனரிடம் இருக்கும், அவர் ‘நெட் கட்டாயிடுச்சு’ என்று திரும்பத் திரும்ப முயல்வார். அலுவலகத்தில் இதை முன்பே சொல்லிவையுங்கள்.

மற்றொன்று ‘பாஸ் ஆன் எரர்’. ஸ்கேனர் தடுமாறினால் கோப்பை விடுவதா, நிறுத்துவதா? 20-ஆம் தேதி மாலை ஜிஎஸ்டி ரிட்டர்ன் போட்டுக்கொண்டிருக்கும்போது கிளாம்ஏவி படுத்துவிட்டால் எல்லோரும் உங்களைத்தான் கூப்பிடுவார்கள். அதற்குப் பயந்து ‘விடு’ என்று வைக்கிறவர்கள் அதிகம். நான் ‘நிறுத்து’ என்றே வைப்பேன். நின்றால் அன்றைக்கே தெரிந்துவிடும். விட்டால் ஸ்கேனர் செத்துப்போய் மாதக்கணக்கானாலும் ஒருவருக்கும் தெரியாது. அவசரத்துக்கு ஐகேப்பை எப்படி அணைப்பது என்பதை அலுவலகத்தில் ஒருவருக்குக் கற்றுக்கொடுத்துவிட்டால் 20-ஆம் தேதி பிரச்சினையும் தீர்ந்தது.

எச்டிடிபிஎஸ்: கவரைப் பிரிக்க வேண்டும்

இதுவரை செய்ததெல்லாம் பூட்டப்படாமல் எச்டிடிபியில் வரும் கோப்புகளுக்கு மட்டும்தான் பலிக்கும். இன்றைக்கு அப்படி வருவது மிகக் குறைவு. ஒட்டிய கவரை வெளியே தடவிப் பார்க்கிற வாட்ச்மேன் மாதிரிதான் கேட்வே நிற்கும். உள்ளே பார்க்க வேண்டுமானால் எஸ்எஸ்எல் இன்ஸ்பெக்ஷன் வேண்டும்: கேட்வே தன் சொந்தச் சான்றிதழைக் காட்டி இணைப்பை நடுவில் பிரித்து, பார்த்துவிட்டு, மறுபடி மூடி அனுப்பும்.

‘டிரஸ்ட்’ பகுதியில் ஒரு சான்றளிக்கும் அதிகாரத்தை, அதாவது சிஏ-வை, உருவாக்குங்கள். அந்தச் சிஏ-வின் பொதுச் சான்றிதழை மட்டும் ஏற்றுமதி செய்து எல்லாக் கம்ப்யூட்டர்களிலும் போட வேண்டும். டொமைன் இருந்தால் குரூப் பாலிசி, இல்லையென்றால் ஒவ்வொன்றாக நடந்துபோய்த்தான். ஃபயர்ஃபாக்ஸ் தனக்கென்று ஒரு சான்றிதழ்ப் பட்டியல் வைத்திருக்கும், அதையும் பாருங்கள். பிரைவேட் கீ பெட்டியை விட்டு வெளியே போகவே கூடாது. அது யார் கையிலாவது சிக்கினால் உங்கள் அலுவலகத்துக்கு எந்தத் தளம் போலவும் அவர் வேடம் போடலாம். பல அலுவலகங்களைப் பார்த்துக்கொள்கிறவர்கள் வேலை மிச்சம் என்று எல்லா இடத்திலும் ஒரே சிஏ-வைப் போடுவதை எந்தக் காரணத்துக்காகவும் செய்யாதீர்கள்.

போன்களை இதில் சேர்க்காதீர்கள். ஆண்ட்ராய்டு 7-லிருந்து, பயனர் சேர்த்த சிஏ-வைப் பெரும்பாலான ஆப்கள் நம்புவதில்லை. போன்களுக்குத் தனி வைஃபை, தனி விஎல்ஏஎன், அதாவது பிரித்துவைத்த வலை. அந்த வலையிலிருந்து டேலி சர்வருக்கு வழி இருக்கக்கூடாது.

அடுத்தது எதைப் பிரிக்கக்கூடாது என்பது. ‘நோ பம்ப்’ பட்டியலில் முதலில் வங்கிகளைப் போடுங்கள். இதில் ரிசர்வ் வங்கி நமக்கு ஓர் உபகாரம் செய்திருக்கிறது: வங்கிகள் எல்லாம் 2025 அக்டோபர் 31-க்குள் ‘.பேங்க்.இன்’ முகவரிக்கு மாற வேண்டும் என்று சொன்னது. முன்னால் புள்ளியோடு அந்த ஒரே வரியைச் சேர்த்தால் அதன் கீழுள்ள எல்லாத் தளங்களும் அடங்கிவிடும். பேமென்ட் கேட்வேகள், மருத்துவமனை, இன்சூரன்ஸ் தளங்களையும் சேருங்கள். வருமான வரி, ஜிஎஸ்டி, எம்சிஏ (கம்பெனி விவகார அமைச்சகம்) தளங்களைப் பெயர் சொல்லிச் சேருங்கள். ‘.கவ்.இன்’ என்று மொத்தமாகத் திறக்க வேண்டாம். கவனிப்பார் இல்லாத ஏதோவொரு துறையின் பழைய தளம் ஹேக் ஆனால் அதுவும் அந்தப் புள்ளிக்குள்தான் வரும். டிஎஸ்சி டோக்கன் வைத்துப் போடும் டிஜிட்டல் கையெழுத்துக்கு ஒன்றும் ஆகாது. டோக்கனின் மென்பொருளோடு உலாவி பேசுவது அதே கம்ப்யூட்டருக்குள்தான். ப்ராக்ஸியைக் கையால் அமைத்திருந்தால் மட்டும் 127.0.0.1-ஐ விலக்குப் பட்டியலில் போடுங்கள்.

குவிக் என்ற நெறிமுறை ஒன்று இருக்கிறது. குரோம் போன்ற உலாவிகள் யூடிபி 443 வழியாகவும் பேசும், அது ஸ்குவிட்டுக்குள் வராது. உள் நெட்வொர்க்கிலிருந்து வெளியே போகும் யூடிபி 443-ஐ ஃபயர்வாலில் தடுத்துவிடுங்கள்; உலாவி தானாக, ஸ்குவிட் பார்க்கக்கூடிய வழக்கமான டிசிபிக்குத் திரும்பிவிடும். இந்த ஒரு விதியைப் போடாமல் விட்டால் கூகுள் தளங்களிலிருந்து இறங்குவதில் பெரும்பகுதி உங்கள் கண்ணிலேயே படாது.

தொழில்நுட்பம் தவிர இன்னொன்றும் உண்டு. ஊழியர்களின் இணைப்பைப் பிரித்துப் பார்க்கப்போகிறீர்கள் என்பதை அவர்களிடம் எழுத்தில் சொல்லிக் கையெழுத்து வாங்குங்கள். எவற்றைப் பார்ப்பதில்லை என்ற பட்டியலையும் அதிலேயே கொடுங்கள்.

பாஸ்வேர்டு போட்ட கோப்புகளும் மேக்ரோக்களும்

இணையத்தில் கிடைக்கும் பொது அறிவுரை: என்கிரிப்ட் ஆனதையெல்லாம் தடு, மேக்ரோ (ஆவணத்துக்குள் ஓடும் சிறு நிரல்) உள்ளதையெல்லாம் தடு. ஆடிட்டர் அலுவலகத்தில் அப்படிச் செய்தால் அன்று மதியமே பெட்டியைக் கழற்றிவைப்பார்கள். வருமான வரித்துறையின் இன்டிமேஷன் பிடிஎஃப் பான் எண்ணும் பிறந்த தேதியும் சேர்ந்த பாஸ்வேர்டோடுதான் வரும். வங்கி ஸ்டேட்மென்ட்டும் அப்படியே. வருமான வரி எக்செல் யூட்டிலிட்டி முழுக்க மேக்ரோ.

கிளாம்ஏவி இதைப் பிரித்துக் கையாள விடுகிறது. ஜிப் போன்ற பூட்டிய ஆர்க்கைவுக்கு ஓர் அமைப்பு, பூட்டிய ஆவணத்துக்கு வேறோர் அமைப்பு. ஆவணத்தை விடுங்கள், ஆர்க்கைவைத் தடுங்கள். பாஸ்வேர்டு போட்ட ஜிப்பை மெயிலில் அனுப்பி, பாஸ்வேர்டையும் அதே மெயிலில் எழுதிவைப்பது வைரஸ் அனுப்புகிறவர்களின் பழைய தந்திரம். உண்மையான கிளையண்ட் பூட்டிய ஜிப் அனுப்பினால், தடுப்புப் பக்கத்தைப் பார்த்ததும் அவருக்கே போன் போட்டுக் கேட்பது நல்ல பழக்கம்தான். மேக்ரோ எச்சரிக்கை இயல்பாகவே அணைந்திருக்கும். இங்கே அதை அப்படியே விடுங்கள். மேக்ரோவைக் கட்டுப்படுத்த வேண்டிய இடம் எக்செலின் சொந்த அமைப்பு.

சோதித்துப் பார்த்தல்

ஐகார் என்ற சோதனைக் கோப்பு இதற்கென்றே இருக்கிறது. 68 பைட், எந்தக் கெடுதலும் செய்யாது, ஆனால் எல்லா ஆன்டிவைரஸும் அதை வைரஸாகவே நடத்தும். அதன் தளத்திலிருந்து எச்டிடிபிஎஸ் வழியாக இறக்கிப் பாருங்கள். யார் பிடித்தார்கள் என்பதைக் கவனிக்க வேண்டும்: விண்டோஸ் டிஃபெண்டரோ உலாவியோ பிடித்துவிட்டு நீங்கள் கேட்வேக்கு மார்க் போட்டுவிடக்கூடாது. சி-ஐகேப், கிளாம்ஏவி பதிவுகளில் ஐகார் பெயர் வந்திருக்கிறதா என்று பாருங்கள். லினக்ஸ் லைவ் பென்டிரைவில் கிளப்பிய ஒரு லேப்டாப்பிலிருந்து சோதிப்பது இன்னும் நல்லது.

அது பிடிபட்டதும் நிறுத்திவிடாதீர்கள். ஐகாரை ஜிப்பில் போட்டு, ஜிப்புக்குள் ஜிப்பாகப் போட்டு, பாஸ்வேர்டு வைத்து, பிறகு ஒரு பெரிய வீடியோவோடு சேர்த்து வரம்பைத் தாண்டும் ஜிப்பாக்கி, ஒவ்வொன்றையும் உங்கள் சொந்த வெப் இடத்தில் ஏற்றி இறக்கிப் பாருங்கள். கடைசி ஜிப் என்ன ஆகிறது என்பதுதான் உங்கள் வரம்புகளின் உண்மையான சோதனை.

ஐடிஎம் (இன்டர்நெட் டவுன்லோட் மேனேஜர்) வைத்திருக்கும் கம்ப்யூட்டரிலும் ஒரு முறை பாருங்கள். அந்த மென்பொருள் ஒரே கோப்பைப் பல துண்டுகளாகக் கேட்டு வாங்கும். ஸ்கேனருக்கு ஒவ்வொரு துண்டாகத்தான் கிடைக்கும், துண்டுகளைப் பார்த்து முழு ஜிப்பில் என்ன இருக்கிறது என்று சொல்ல முடியாது. ஸ்குவிட்டில் ‘ரேஞ்ச்’ தலைப்பை வெட்டிவிடலாம். அதனால் சில அப்டேட் சேவைகள் முரண்டு பிடிக்கும். அலுவலகத்தில் ஐடிஎம் கூடாது என்று எடுத்துவிடுவதே சுலபம்.

கேட்வேயின் கண்ணுக்கு எட்டாதவை

சென்னையில் பாதிக் கோப்புகள் வாட்ஸ்அப் வெப் வழியாகத்தான் வருகின்றன. இணைப்பைப் பிரித்தாலும் பயனில்லை. வாட்ஸ்அப் கோப்பு தனியாகப் பூட்டப்பட்டு வந்து உலாவிக்குள்தான் திறக்கிறது. கேட்வே பார்ப்பது புரியாத பைட்டுகளை மட்டும். அவுட்லுக்கில் ஐமேப் என்ற மெயில் நெறிமுறை வழியாக, போர்ட் 993-இல் வரும் மெயிலும் வெப் ப்ராக்ஸிக்குள் வராது. மெயில் சேவை தருபவரின் ஸ்கேனைத்தான் நம்ப வேண்டும், அல்லது அட்டாச்மென்ட்டை உலாவி மெயிலில் இறக்கச் சொல்ல வேண்டும். பென்டிரைவைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். 2017 மே மாதத்தில் வானாக்ரை என்ற ரான்சம்வேர் பரவியபோது, ஒரு கம்ப்யூட்டரிலிருந்து அடுத்ததற்கு கோப்புப் பகிர்வுக்கான எஸ்எம்பி வழியாக உள்ளுக்குள்ளேயே தாவியது. அந்தப் போக்குவரத்து கேட்வேயைத் தொடுவதே இல்லை.

ஆகவே ஒவ்வொரு கம்ப்யூட்டரிலும் ஆன்டிவைரஸ் இருந்தே ஆக வேண்டும். டிஃபெண்டர் போதும், காசு கொடுத்து வாங்குவதானால் நம் ஊர்க் கம்பெனியான கே7 உட்படப் பல உண்டு. கிளாம்ஏவியிலிருந்து வேறுபட்ட இன்ஜினாக இருப்பதில் ஒரு லாபம்: ஒன்று விட்டதை இன்னொன்று பிடிக்கும். டேலி டேட்டாவின் பேக்கப் ஒன்று எப்போதும் நெட்வொர்க்கிலிருந்து கழற்றிய டிஸ்க்கில் இருக்கட்டும்.

பதிவுகளும் பராமரிப்பும்

மத்திய அரசின் சைபர் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரல் 28-இல் போட்ட உத்தரவின்படி நிறுவனங்கள் பதிவுகளை 180 நாள் இந்தியாவுக்குள் வைத்திருக்க வேண்டும், குறிப்பிட்ட வகைச் சைபர் சம்பவங்களை அறிந்த 6 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும், கடிகாரத்தை அரசு நிறுவனங்களான என்ஐசி அல்லது என்பிஎல்லின் நேர சர்வரோடு பொருத்த வேண்டும். மூன்றையும் இப்போதே செய்யலாம். கடிகாரத்துக்கான என்டிபி அமைப்பில் அந்தச் சர்வர்களைப் போடுங்கள். ஸ்குவிட், சி-ஐகேப், கிளாம்ஏவி பதிவுகளை சிஸ்லாக் வழியாக வேறொரு கம்ப்யூட்டருக்கு அனுப்புங்கள். கேட்வேயின் எஸ்எஸ்டி போனால் பதிவும் போகக்கூடாது. யாருக்குத் தெரிவிப்பது என்ற விவரத்தைக் காகிதத்தில் எழுதிப் பெட்டிக்குப் பக்கத்திலேயே ஒட்டுங்கள், ஏனென்றால் அந்த நேரத்தில் கம்ப்யூட்டர் திறக்காமல் போகலாம்.

ஃப்ரெஷ்கிளாம் நாளுக்குப் பல முறை புதிய சிக்னேச்சரைத் தேடும், அதை இன்னும் அவசரப்படுத்த வேண்டாம்; அடிக்கடி கேட்டால் அவர்களுடைய சர்வர் உங்கள் ஐபியைச் சிறிது காலம் ஒதுக்கிவைக்கும். கூடுதல் பாதுகாப்புக்கு, வைரஸ் பரப்பும் முகவரிகளைத் திரட்டும் யூஆர்எல்ஹவுஸ் தரும் சிக்னேச்சர் கோப்பையும் சேர்க்கலாம். வாரம் ஒரு முறை மூன்று விஷயம் பார்த்தால் போதும்: சிக்னேச்சர் தேதி, வரம்பைத் தாண்டியதாகப் பதிவான கோப்புகள், நோ பம்ப் பட்டியலில் புதிதாக யார் எதைச் சேர்த்தார்கள். மூன்றாவதுதான் மெல்ல மெல்ல வளரும். ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் தேதியையும் கேட்டவர் பெயரையும் குறித்துவைத்து, காரணம் நினைவில்லாத வரிகளை நீக்கிக்கொண்டே வாருங்கள்.

இதையெல்லாம் வரிக் கெடு நெருக்கும் ஜூலை, செப்டம்பர் கடைசி வாரங்களில் தொடங்காதீர்கள். மாத நடுவே ஒரு சனிக்கிழமை மதியம் பெட்டியை மாட்டி, முதல் வாரம் இரண்டு கம்ப்யூட்டர்களுக்கு மட்டும் இன்ஸ்பெக்ஷன் ஆன் செய்யுங்கள். அந்த இரண்டில் ஒன்று, அலுவலகத்தில் அதிகம் புகார் சொல்கிறவருடையதாக இருக்கட்டும்.